அறிந்தவருக்குப் பணம் தரும் பெட்டி: பிரிட்டிஷ் பப்களின் வினாடி வினா இயந்திரங்கள்

1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம், பிரிட்டனின் ஏராளமான பப்களில் இரண்டு வகை நாணய இயந்திரங்கள் அருகருகே நின்றன. ஒன்று, பழப் படங்கள் சுழலும் ஃப்ரூட் மெஷின். மற்றொன்று, திரையில் கேள்வி கேட்டு, சரியான விடைக்குக் காசு கொடுக்கும் வினாடி வினா இயந்திரம். இரண்டும் நாணயம் போட்டால்தான் இயங்கும், இரண்டும் வென்றவருக்கு நாணயமாகவே பரிசைக் கொட்டும். முதலாவது சூதாட்டம் என்று சட்டம் வகைப்படுத்தியது. இரண்டாவதை அந்த வகைக்கு வெளியே வைத்தது. வெளியே நிற்பதற்கு அது ஒரு நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியிருந்தது: வெற்றியை ஆடுபவரின் அறிவு தீர்மானிக்க வேண்டும். வணிகத்தின் தேவையோ இதற்கு நேர்மாறானது. அறிவுள்ளவர்கள் வந்து பெட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தால், அதை வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கும் இடம் கொடுத்த பப்புக்கும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையிலான இழுபறியைப் புரிந்துகொண்டால், இந்த இயந்திரங்கள் ஏன் அப்படி அமைக்கப்பட்டன, ஏன் பரவின, ஏன் மறைந்தன என்பது அனைத்தும் விளங்கிவிடும்.

ஆடும் முறை எளிமையானது. தொடக்க கால இயந்திரங்களில் ஆள் உயரப் பெட்டி, அதற்குள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை, அதன் கீழே விளக்கு எரியும் மூன்று பொத்தான்கள் இருந்தன. இருபது பென்ஸோ ஐம்பது பென்ஸோ (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) போட்டவுடன் முதல் கேள்வி வரும். அதன் அடியில் மூன்று விடைகள், பக்கத்தில் விரைவாகக் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். சில விநாடிகளுக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சரியான விடை ஆட்டக்காரரைப் பரிசுப் பாதையில் ஒரு படி முன்னேற்றும். தவறான விடை ஆட்டத்தை முடித்துவிடும், அல்லது கையிலிருக்கும் ஓர் உயிரைப் பறிக்கும். குறிப்பிட்ட படியைத் தாண்டியதும் சேர்ந்த தொகையை எடுத்துக்கொண்டு விலகலாம், அல்லது அதைப் பணயம் வைத்துத் தொடரலாம். உச்சப் பரிசு பல ஆண்டுகள் பத்து, இருபது பவுண்டு என்ற அளவிலேயே இருந்தது. அந்தத் தொகையை எண்ணி யாரும் வேலையை விட்டுவிட மாட்டார்கள். ஆனால் நான்கு நண்பர்களின் ஒரு சுற்றுப் பீருக்கு அது போதும். அளவு அப்படி அமைந்ததுதான் இந்த விளையாட்டின் பலம் என்று நான் கருதுகிறேன்.

இந்த இயந்திரம் அந்தக் காலத்தில் தோன்றியதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின. பப்களில் வினாடி வினா இரவுகள் 1970களிலேயே வேரூன்றத் தொடங்கியிருந்தன. பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்' வினாடி வினா நிகழ்ச்சி 1972 முதல் ஒளிபரப்பாகி, பொது அறிவை வீட்டுக் கூடத்தின் பேச்சாக்கியிருந்தது. கனடாவில் உருவான 'டிரிவியல் பர்சூட்' என்ற பொது அறிவுப் பலகை விளையாட்டு 1980களின் நடுவில் பிரிட்டனிலும் பெரும் மோகமாகப் பரவியது. 1983 ஏப்ரலில் ஒரு பவுண்டு நாணயம் புழக்கத்துக்கு வந்ததால், கௌரவமான ஒரு பரிசை நாணயமாகவே கொடுப்பது எளிதாயிற்று. தாள் பணத்தைக் கையாளும் நுட்பம் தேவைப்படவில்லை. நுண்செயலியும் நினைவகச் சில்லும் மலிவாகியிருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988 ஆகஸ்டிலிருந்து வாரநாட்களில் பப்கள் பிற்பகலிலும் திறந்திருக்கலாம் என்றானபோது, ஆளில்லாத அந்த நீண்ட மதிய நேரத்துக்கு ஒரு துணையும் தேவைப்பட்டது. பின்னாளில் பிரபலமான பலகை விளையாட்டுகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் உரிமம் பெற்று இயந்திரங்களுக்குள் நுழைந்தன: மோனோபொலி, குளூடோ, டிரிவியல் பர்சூட், 1998இல் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஆகியவை அவற்றில் சில.

சட்டத்தின் பக்கம் வருவோம். இத்தொழிலில் ஃப்ரூட் மெஷினுக்குப் 'பரிசுடன் கூடிய கேளிக்கை' என்றும், வினாடி வினா இயந்திரத்துக்குப் 'பரிசுடன் கூடிய திறன்' என்றும் பெயர். 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இந்தப் பிரிவினையைக் கறாராக வரையறுத்தது. பரிசுக்காகத் தற்செயல் விளையாட்டு ஒன்றை ஆடுவதே சூதாட்டம் என்று கூறும் அந்தச் சட்டம், தற்செயலும் திறனும் கலந்திருக்கும் விளையாட்டையும், அபாரத் திறனால் தற்செயலை முற்றிலும் விலக்கிவிட முடிகிற விளையாட்டையும், தற்செயல் இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளும் விளையாட்டையும்கூடத் தற்செயல் விளையாட்டு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு துளி அதிர்ஷ்டம் கலந்தாலும் போதும், அது சூதாட்ட இயந்திரம் ஆகிவிடும். திரையில் பகடை உருளுவதுபோல் ஒரு படம் வருவதும் சிக்கலுக்கு இடம் கொடுக்கும்.

இந்தியாவில் இதே கேள்விக்கு வேறு அளவுகோல் கையாளப்பட்டிருக்கிறது. மதராஸ் ரேஸ் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள முயன்றது தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு விளையாட்டில் திறன் மேலோங்கி நிற்கிறதா என்று பார்த்தால் போதும், தற்செயல் அறவே இருக்கக் கூடாது என்பதில்லை என்று ஏற்று, குதிரைப் பந்தயத்தைத் திறன் விளையாட்டாகவே கொண்டது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி குறித்து நடந்த நீண்ட வாதங்களும் அந்த அடித்தளத்தின் மீதுதான் நடந்தன. பிரிட்டன் வைத்த நிபந்தனை அதைவிடக் கடினமானது. அந்த நிபந்தனைக்குள் நின்றே வினாடி வினா இயந்திரம் பிழைக்க வேண்டியிருந்தது.

அப்படிப் பிழைத்தால் கிடைத்த ஆதாயம் சிறிதன்று. மது விற்கும் உரிமம் உள்ள ஒரு பப், உள்ளாட்சி உரிம அமைப்புக்கு அறிவித்துக் கட்டணம் செலுத்திவிட்டால் இரண்டு சூதாட்ட இயந்திரங்களை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும். திறன் இயந்திரம் இந்த எண்ணிக்கையில் சேராது. பப்களுக்கான சூதாட்ட இயந்திரத்துக்கு ஆட்டக்கட்டணம் ஒரு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, பரிசு 2014 முதல் 100 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்புகளும், பதினெட்டு வயது நிறைந்தவர்களே ஆடலாம் என்ற விதியும் உண்டு. திறன் இயந்திரத்துக்கு இவையும் பொருந்தா. 2013 பிப்ரவரியில் இயந்திர விளையாட்டுகளுக்கான தனி வரி வந்தபோதும் அது தற்செயல் விளையாட்டுகளின் மீதே விழுந்தது. வினாடி வினா இயந்திரங்கள் வழக்கமான மதிப்புக்கூட்டு வரிக்குள் நின்றன. ஆகவே இரண்டு ஃப்ரூட் மெஷின்களை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு பப்புக்கு, மூன்றாவது பெட்டியாக இது மிகவும் பொருத்தமானது.

இனி, சிக்கலின் மையமான கணக்குக்கு வருவோம். ஒரு இயந்திரத்தில் ஐம்பது பென்ஸ் போட்டால், தொடர்ந்து பத்துக் கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னவருக்குப் பத்துப் பவுண்டு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் தெரியாமல் மூன்று பொத்தான்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அழுத்துபவர் பத்தையும் சரியாக அழுத்துவதற்கான வாய்ப்பு 59,049இல் ஒன்று. சராசரியாக மூன்றில் இரண்டு கேள்விக்குச் சரியாகச் சொல்பவர் நூறு ஆட்டங்களில் இரண்டில்கூட வெல்ல மாட்டார். நூற்றுக்கு 74 கேள்விகளுக்குச் சரியாகச் சொல்பவர் ஏறத்தாழ போட்ட பணத்தை எடுத்துவிடுவார். நூற்றுக்கு 80 சரியாகச் சொல்பவர் ஒவ்வோர் ஐம்பது பென்ஸுக்கும் சராசரியாக ஒரு பவுண்டுக்குச் சற்று மேலாகத் திரும்பப் பெறுவார். நூற்றுக்கு 95 சரியாகச் சொல்பவரோ ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்று, இயந்திரத்தின் நாணயக் குழாயையே வற்றச் செய்துவிடுவார். மூன்றில் இரண்டுக்கும் ஐந்தில் நான்குக்கும் இடையிலான வேறுபாடு பேச்சில் சிறிதாகத் தோன்றும். பத்து முறை அடுக்கும்போது அதுவே இழப்புக்கும் வருமானத்துக்கும் இடையிலான இடைவெளியாக விரிந்துவிடுகிறது.

இதே கணக்குதான் இந்த விளையாட்டைக் கூட்டு விளையாட்டாகவும் ஆக்கியது. வெவ்வேறு துறைகளில் பழக்கமுள்ள நான்கு பேர் சேர்ந்து நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் பாதிக் கேள்விகளுக்கு மட்டுமே விடை தெரியும் என்று கொள்வோம். தனியாக ஆடினால், தெரியாததை ஊகித்து அழுத்தினாலும், எவருக்கும் மேலே சொன்ன இரண்டு விழுக்காட்டு வாய்ப்புக்கூட இல்லை. நால்வரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் போதும், எவருக்கும் தெரியாதபோது ஊகித்து அழுத்துவார்கள் என்ற நிலையில், ஒரு கேள்விக்குச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 95ஐத் தாண்டுகிறது. பத்துக் கேள்விகளையும் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு ஆகிறது. நடைமுறையில் நண்பர்களின் அறிவு ஒன்றோடொன்று பெரிதும் ஒத்திருக்கும் என்பதாலும், கடிகாரம் ஓடும்போது நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவதாலும், இந்த எண் இவ்வளவு உயராது. ஆனாலும் போக்கு உண்மையானது. ஃப்ரூட் மெஷினின் முன் ஒருவர் தனியாக நின்று ஆடுவார். வினாடி வினா இயந்திரத்தின் முன் ஒரு சிறு கூட்டம் கூடும், அறிமுகமில்லாதவரும் பின்னாலிருந்து விடையைச் சொல்லிவிட்டுப் போவார். கால்பந்தை மட்டுமே அறிந்த ஒருவர், 1987இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது கவென்ட்ரி சிட்டி என்று இமைக்கும் நேரத்தில் சொல்லும் அந்த ஒரு கணத்தில், அவரிடம் அதுவரை யாரும் மதிக்காத ஒரு செல்வம் இருந்தது என்பது மேசைக்கே தெரிந்துவிடும். பள்ளி மதிப்பெண் தராத, வேலைக்கு உதவாத அறிவுக்கு ஒரு பொது இடத்தில் கௌரவம் கிடைத்தது. இந்த இயந்திரங்களின் வரலாறு எழுதத் தக்கது என்று நான் நம்புவதற்கு முதன்மையான காரணம் அதுவே.

இந்தக் கணக்கு இயந்திரத்தை வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் கையிலிருந்த முதல் கருவி, கேள்வியே. 'ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது' என்று கேட்டு சிட்னி, மெல்போர்ன், கான்பெரா என்று மூன்று விடைகளைக் கொடுத்தால், அறிந்தவர் உடனே அழுத்துவார், அறியாதவர் சிட்னி என்று ஏமாறுவார். அது நல்ல கேள்வி. அறிவுக்கும் அரைகுறை நினைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. 'லண்டன் டவர் பிரிட்ஜ் திறக்கப்பட்ட ஆண்டு எது' என்று கேட்டு 1884, 1894, 1904 என்று விடைகளை அடுக்கினால், வரலாறு படித்தவரும் தயங்குவார். விடை 1894, ஆனால் பெரும்பாலானோர் ஊகித்தே அழுத்துவார்கள். இத்தகைய கேள்விகளைப் பரிசுப் பாதையின் கடைசிப் படிகளில் வைத்துவிட்டால், சட்டப்படி அது அறிவுப் போட்டியாகவே இருக்கும், நடைமுறையில் மூன்றில் ஒன்று என்ற குலுக்கலாக மாறிவிடும். நேர்மையான கடினத்துக்கும் வேண்டுமென்றே வைக்கும் தடைக்கும் இடையிலான கோடு இங்கேதான் ஓடுகிறது. வசூலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையும் இருந்தது: அண்மையில் அதிகம் கொடுத்துவிட்ட இயந்திரம் கடினமான கேள்விகளை முன்னே தள்ளும், நீண்ட நேரம் விழுங்கிக்கொண்டே இருந்த இயந்திரம் சற்று இளகும். இயந்திரத்தின் 'மனநிலை'யைக் கேள்வியின் தரத்தைக் கொண்டே கணிப்பவர்கள் இருந்தார்கள். ஆனால், ஆடுபவர் வெல்லலாமா கூடாதா என்பதை இயந்திரமே முடிவு செய்யத் தொடங்கினால், அது திறன் விளையாட்டு என்ற தகுதியையே இழந்துவிடுகிறது.

இரண்டாவது கருவி, கேள்விகளின் எண்ணிக்கை. இங்கே தொழில்நுட்பம் அவர்களுக்கு எதிராக நின்றது. 1980களில் கிடைத்த 64 கிலோபைட் நினைவகச் சில்லு ஒன்றில் சுமார் 65,000 எழுத்துகளைச் சேமிக்கலாம். ஒரு கேள்வியும் மூன்று விடைகளும் சேர்ந்து நூறு எழுத்து என்று கொண்டால், ஒரு சில்லுக்குள் அறுநூற்றைம்பது கேள்விகளே அடங்கும். பல சில்லுகளை அடுக்கினாலும் சில ஆயிரத்தைத் தாண்டுவது செலவு மிகுந்த காரியம். நாள்தோறும் ஆடும் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அப்போது சோதிக்கப்படுவது பொது அறிவு அல்ல, அந்த இயந்திரத்தைப் பற்றிய அறிவு.

இதிலிருந்துதான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிறந்தார்கள். ஓரிருவராகவோ சிறு குழுவாகவோ ஊர் ஊராகச் செல்வார்கள். ஒரே வகை இயந்திரம் நூற்றுக்கணக்கான பப்களில் ஒரே கேள்வித் தொகுப்போடு நிற்பதால், ஓரிடத்தில் கற்றது எல்லா இடத்திலும் செல்லுபடியாகும். தெரியாத கேள்வியைத் தோற்ற பின் குறித்துக்கொள்வார்கள், வீட்டில் விடை தேடுவார்கள், பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். கேள்வியின் முதல் இரண்டு சொற்களைக் கண்டவுடன் விரல் பொத்தானுக்குப் போய்விடும். பப் நடத்துபவர்கள் இவர்களை விரைவில் அடையாளம் கண்டுகொண்டார்கள். அரை கிளாஸ் குளிர்பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும் ஆளை இனி வரவேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: தொழில்முறை ஆட்டக்காரர் எடுத்துச் செல்வது, அதே வாரம் அங்கே வழக்கமாக ஆடித் தோற்றவர்களின் காசு. ஆயினும் அந்த ஆட்டக்காரர் எதையும் திருடவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. சட்டத்துக்கு முன் எந்தத் தகுதியைக் காட்டி அந்தப் பெட்டி அங்கே நின்றதோ, அந்தத் தகுதியை அவர் அப்படியே பயன்படுத்திக்கொண்டார். அவரைக் குற்றவாளியாகக் காண்பது சரியன்று என்பதே என் எண்ணம்.

2000களில் தொழில் இதற்கு ஒரு விடையைக் கண்டது. லெஷர் லிங்க் நிறுவனத்தின் 'இட்பாக்ஸ்' போன்ற தொடுதிரைப் பெட்டிகள், ஒரே அலமாரிக்குள் பல விளையாட்டுகளைக் கொண்டுவந்தன. வினாடி வினாவோடு சொல் தேடுதல், படங்களுக்கிடையே வேறுபாடு காணுதல் போன்றவையும் சேர்ந்தன. வன்தட்டின் கொள்ளளவும் தொலைபேசி இணைப்பும் வந்துவிட்டதால், கேள்விகளைப் புதுப்பிக்க யாரும் வந்து சில்லை மாற்ற வேண்டியதில்லை. மனப்பாடம் செய்பவர்களின் பலம் இதனால் குறைந்தது. ஆனால் ஒரே திரையில் முப்பது விளையாட்டுகள் வந்தபோது, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தோடு வாடிக்கையாளருக்கு இருந்த நெருக்கமும் தளர்ந்தது என்று தோன்றுகிறது.

வீழ்ச்சிக்குக் கைபேசியை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். அது பெரிய காரணம்தான். விநாடிகள் குறையும் கடிகாரத்துக்கு முன் இணையத்தில் தேடி விடை காண்பது எல்லாக் கேள்விக்கும் இயலாது. எனவே ஏமாற்றுவதற்கான கருவியாக அது செய்த தீங்கைவிட, மேசையிலிருப்பவர்களின் கவனத்தையும் சில்லறை நேரத்தையும் பறித்துக்கொண்டதன் மூலம் செய்த தீங்கு அதிகம். 'யாருக்காவது தெரியுமா' என்று கேட்கும் பழக்கமே மெலிந்துவிட்டது. அதற்கு முன்பே, ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சிலும் இங்கிலாந்தில் 2007 ஜூலையிலும் வந்த புகைத் தடை, பீரும் சிகரெட்டுமாக இயந்திரத்தின் முன் நின்றவர்களில் பலரை வாசலுக்கு அனுப்பியது. பப்களின் எண்ணிக்கையே 2000இல் சுமார் அறுபதாயிரமாக இருந்தது, இன்று நாற்பத்தைந்தாயிரத்தின் அருகில் நிற்கிறது. 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கப் பவுண்டு நாணயம் வந்தபோது ஒவ்வொரு நாணயப் பொறியையும் திருத்த வேண்டியிருந்தது. வருமானம் குறைந்துவிட்ட பழைய பெட்டிக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த நிறுவனம் முன்வரும்? அட்டையைத் தொட்டுப் பணம் செலுத்தும் பழக்கம் பரவியபின், பையில் நாணயம் வைத்திருப்பவரே அரிதாகிவிட்டார்.

மூலையின் மற்றொரு பெட்டியான ஃப்ரூட் மெஷின் இன்னும் பல பப்களில் நிற்கிறது. அதற்கு நூறு பவுண்டுப் பரிசு உண்டு. ஆடுபவரின் அறிவைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை அதற்கு இல்லை. திறன் இயந்திரமோ பரிசை உயர்த்தவே முடியாது. சட்ட வரம்பு இல்லாவிட்டாலும் மேலே கண்ட கணக்கு அதைத் தடுக்கிறது: பரிசு ஐந்து மடங்கானால், நாட்டிலுள்ள நல்ல வினாடி வினா ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பப்புக்கு வந்துவிடுவார்கள். விலைவாசி ஏறியபோதும் பரிசு ஏறாமல் நின்றதால், ஒரு சுற்றுப் பீருக்குப் போதுமாயிருந்த தொகை அதற்குப் போதாத தொகையாகச் சுருங்கியது.

பழைய இயந்திரங்களின் சில்லுகளைப் படித்து, அவற்றைக் கணினியில் மீண்டும் இயங்கச் செய்யும் ஆர்வலர்கள் இன்று இருக்கிறார்கள். பழைய ஆர்கேடு விளையாட்டுகளைப் பாதுகாக்கும் 'மேம்' மென்பொருளில் வினாடி வினா இயந்திரங்கள் சிலவும் இடம்பெற்றிருக்கின்றன. திரையின் ஒளியும் நாணயத்தின் ஓசையும் போலவே, அந்தச் சில்லுகளுக்குள் கிடக்கும் கேள்விகளும் பாதுகாக்கத் தக்கவை. மேற்கு ஜெர்மனியின் தலைநகர், அந்த ஆண்டின் தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்கள், அப்போது முதலிடத்தில் இருந்த பாடல்கள் என்று, ஒரு சாதாரண பிரிட்டிஷ் மாலைப்பொழுதில் எவை எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு தொழில் கணித்து, அந்தக் கணிப்பின் மீது பணத்தையும் வைத்தது. அந்தக் காலத்தின் பொது அறிவு எது என்பதை ஆராய விரும்புகிறவர்களுக்கு, பாடநூல்களைக் காட்டிலும் நம்பகமான சான்றாக இந்தத் தொகுப்புகள் அமையும்.